எம் 42 சாலையும் ஓர் ஓரத் தடமும்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என நம்புகிறேன்.

நெரிசலைக் குறைக்க வேகத்தை ஏன் குறைக்கிறார்கள் என்று போன கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். நான் தினமும் வேலைக்குச் செல்லும், இங்கிலாந்தின் பர்மிங்காம் அருகிலுள்ள எம் 42 மோட்டார்வேயில்தான் (அதிவேக நெடுஞ்சாலையில்தான்) 2006-ஆம் ஆண்டு இந்த முறையைச் சோதித்துப் பார்த்தார்கள். சாலைக்கு அடியில் பதித்த கம்பிச் சுருள்கள் வண்டிகளின் எண்ணிக்கையையும் வேகத்தையும் கவனித்துக்கொண்டே இருக்கும். நெரிசல் கட்டத் தொடங்கியதும், தலைக்கு மேலுள்ள பலகைகள் வழக்கமான மணிக்கு 70 மைல் வேக வரம்பை 60 ஆகவும் 50 ஆகவும் குறைத்துக் காட்டும். நெருக்கமாக ஓடும் வண்டிகளில் ஒருவர் சட்டென்று பிரேக் போட்டால், பின்னால் வருபவர் அதைவிட அழுத்திப் போட, அது அப்படியே பின்னோக்கிப் பரவி, வெகுதூரம் தள்ளி வருபவர்கள் காரணமே தெரியாமல் நின்றுவிடுகிறார்கள். எல்லோரும் சீராக 50 மைலில் சென்றால் அந்த நிலை பெரும்பாலும் வருவதில்லை. முதலில் எரிச்சலாக இருந்த எனக்கு, இப்போது இதில் முழு நம்பிக்கை வந்துவிட்டது.

என் மனக்குறை வேறு. நிலம் வாங்கிச் சாலையை அகலப்படுத்துவதைவிடச் செலவு குறைவு என்பதால் அரசு இதற்குப் பணம் ஒதுக்கியது. அந்தச் சிக்கனத்தில் பழுதான வண்டிகள் ஒதுங்கும் ஓரத் தடமும் போக்குவரத்துக்குப் போயிற்று. எம் 42-இல் நெரிசல் நேரத்தில் மட்டும் அதைத் திறந்தார்கள். ஏறத்தாழ 500 மீட்டருக்கு ஒன்றாக அவசர ஒதுங்குமிடமும் இருந்தது. பின்னர் வந்த சாலைகளிலோ ஓரத் தடம் நிரந்தரமாகவே மறைந்தது. ஒதுங்குமிடங்களுக்கு இடையே இரண்டரை கிலோமீட்டர் வரை இடைவெளி விட்டார்கள். சென்ற குளிர்காலத்தில் அப்படியொரு சாலையில், மழையில், என் கார் எஞ்சின் வலுவிழந்து திணறியது. ஒதுங்குமிடத்தை எட்டும்வரை பின்னால் வந்த லாரிகளின் விளக்குகளையே கண்ணாடியில் பார்த்துக்கொண்டு வந்தேன்.

2022-இல் பாதுகாப்பை மேம்படுத்த 90 கோடி பவுண்டு அறிவித்தார்கள். அதில் 39 கோடி, 150-க்கும் மேற்பட்ட புதிய ஒதுங்குமிடங்களுக்கு. 2023 ஏப்ரலில் இப்படிக் கருவிகளால் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் ‘ஸ்மார்ட் மோட்டார்வே’ சாலைகளின் புதிய திட்டங்களையே கைவிட்டார்கள். நின்றுபோன வண்டியை ரேடார் கண்டுபிடிப்பதும், அந்தத் தடம் மூடப்பட்டது என அதன் மேல் சிவப்புப் பெருக்கல் குறி எரிவதும் நல்ல ஏற்பாடுகளே. ஆனால் அக்குறி எரிவதற்குள் கழியும் நொடிகளில் காருக்குள் குழந்தைகளும் இருக்கக்கூடும்; ஒதுங்குமிடங்களை முதலிலேயே கட்டியிருக்க வேண்டும்.

அம்மாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்