மடியில் நிற்குமா என்று பார்

பாளையங்கோட்டை
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய இரண்டு படங்களையும் பார்த்தேன். ஒன்று கீபோர்டைக் கழற்றி மாட்டுகிற டேப்லெட், இன்னொன்று மெல்லிசான லேப்டாப். "எதை வாங்கட்டும், ரெண்டு நாளில் சொல்லும்மா" என்று கேட்டிருந்தாய். போனில் பேசினால் நீ பேச்சை விலைக்கும் நிறத்துக்கும் கொண்டுபோய்விடுவாய், நான் சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். அதனால் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்து டைப் பண்ணுகிறேன்.

டேப்லெட்டுக்கு நீ சொன்ன காரணம் நியாயமானதுதான். கல்வெட்டின் மேல் தாளை ஒட்டி மை ஒற்றி எடுக்கிற மைப்படியின் படத்தைத் திரையில் பெரிசாக்கி, அதன் மேலேயே பேனாவால் வரைந்து பார்த்தால்தான், சிதைந்த இடத்தில் இருப்பது பகரமா யகரமா என்று பிடிபடும் என்றாய். போன மார்கழியில் மன்னார்கோயிலுக்கு உன்னோடு வந்தேனே, அப்போதே பார்த்தேன். கோயிலின் அடித்தளமான அதிட்டானத்தின் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, டார்ச்சைக் கல்லோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தாய். வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்ததும், வெறும் கல்லாகத் தெரிந்த இடத்தில் வரிசையாக எழுத்து எழுந்து வந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. உன் ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் நோட்டு, வாயில் பேனா மூடி. அந்த நேரத்தில் லேப்டாப் இருந்து என்ன பண்ணுவாய், எங்கே வைப்பாய்? கையில் பிடிக்கிற பலகை ஒன்று இருந்திருந்தால் உதவியாகத்தான் இருந்திருக்கும்.

ஆனால் மாதத்தில் அப்படி எத்தனை நாள்? நீயே சொன்ன கணக்கு, இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று. மற்ற நாளெல்லாம் தஞ்சாவூரில் ஹாஸ்டல் கட்டிலில், சுவரில் சாய்ந்து, காலை மடக்கி, மடியில் வைத்துத்தானே அடிக்கிறாய்? இரண்டு பேருக்கு ஒரு மேஜை, அதிலும் கூட இருக்கிற பிள்ளையின் புத்தகமும் கண்ணாடியும் சீப்பும். வீட்டுக்கு வந்தால் தரையில் சம்மணம். ரயிலில் மேல் பெர்த். உனக்கு வாங்குகிற சாமான் இந்த இடங்களுக்குச் சரிப்பட வேண்டும்.

நம் கடைக்கு வருகிற பேராசிரியர் ஒருவரிடம் சர்ஃபேஸ் ப்ரோ 9 இருக்கிறது, கீபோர்டைக் கழற்றி மாட்டுகிற வகைதான். நேற்று புரூஃப் பார்க்க வந்தபோது கேட்டு வாங்கி, பக்கத்துக் கூரியர் கடைத் தராசில் வைத்தேன். பலகை மட்டும் 880 கிராம். கீபோர்டைச் சேர்த்ததும் 1 கிலோ 160 கிராம். 2022இல் எம்2 சிப்போடு வந்த மேக்புக் ஏர் 1 கிலோ 240 கிராம். எல்ஜி கிராம் 14 அங்குலத்தில் 999 கிராமுக்கே மாடல் வந்திருக்கிறது. ஐபேடை எடுத்துக்கொண்டால், 2020இல் வந்த 12.9 அங்குல ஐபேட் ப்ரோவில் மேஜிக் கீபோர்டை மாட்டினால் அதே வருஷத்து மேக்புக் ஏரை விடக் கனம். ஆக, டேப்லெட் லேசு என்பது கீபோர்டை வீட்டில் விட்டுவிட்டுப் போகிறவர்களுக்குத்தான் உண்மை. நீ கீபோர்டு இல்லாமல் ஒரு நாள் ஓட்ட மாட்டாய்.

அப்புறம் அவரிடம் சொல்லிவிட்டு, அதை என் மடியில் வைத்து அரைப் பக்கம் அடித்துப் பார்த்தேன். பின்பக்க ஸ்டாண்டின் விளிம்பு முழங்காலுக்குச் சற்று மேலே, தொடையில் ஊன்றுகிறது. புடவையில் வழுக்குகிறது. கீபோர்டு தனித் தகடு. அடியில் தாங்க ஒன்றும் இல்லாததால், வேகமாக அடிக்கும்போது நடுவில் தொய்ந்து தொய்ந்து எழும்புகிறது. நாலு வரிக்குள் மூன்று இடத்தில் ஒற்று விட்டுப்போயிருந்தது. எனக்கு அப்படி விடாது, உனக்குத் தெரியும். ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். முன்விளிம்பிலிருந்து ஸ்டாண்டு ஊன்றும் இடம் வரை கிட்டத்தட்ட ஒரு அடி வருகிறது. லேப்டாப்புக்கு எட்டரை அங்குலம் போதும். அதையே மேஜையில் வைத்தால் ஒரு குறையும் இல்லை, கை சுகமாக ஓடுகிறது. அவருக்கு மேஜை இருக்கிறது, அதனால் அது அவருக்கு நல்ல சாமான். லேப்டாப்புக்கு மடிக்கணினி என்று பேர் வைத்தார்களே, அந்த மடி என்ற சொல்லைத்தான் நீ பிடித்துக்கொள்ள வேண்டும்.

நான் டைப்ரைட்டிங்கில் லோயர், ஹையர் பாஸ் பண்ணி, சென்னை மாநாட்டில் தமிழ்99 கீபோர்டு முறையை அறிவித்த 1999ஆம் வருஷம், கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கிற டிடிபி வேலைக்கு வந்தவள். உயிரெழுத்து இடது கையில், மெய் பெரும்பாலும் வலது கையில் என்று அன்றைக்குப் பழகின விரல்தான் இன்றைக்கும் சோறு போடுகிறது. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன், ஆய்வேடு 300 பக்கம் என்றால் நீ அடிக்கப்போவது 300 பக்கம் இல்லை. கைடு திருத்தம், மறுபடி திருத்தம் என்று அதைப்போல மூன்று மடங்கு அடிப்பாய். அத்தனையும் கீபோர்டில்தான். பேனா வேலை அதில் கொஞ்சம்.

2014இல் கடைக்கென்று நான் ஒரு கழற்றி மாட்டும் மாடல் வாங்கியது உனக்கு ஞாபகம் இருக்கும், நீதான் அதில் படம் வரைந்து விளையாடுவாய். பத்து அங்குலத் திரை, 32 ஜிபி. விண்டோஸ் அப்டேட் இறங்க இடமில்லை என்றே எப்போதும் காட்டிக்கொண்டிருந்தது. மூன்றாவது வருஷம் கீபோர்டு மாட்டுகிற இடத்தில் தொடர்பு விட்டுவிட்டு வர ஆரம்பித்தது. சர்வீஸில் கேட்டால் அந்த மாடலுக்குக் கீபோர்டு இப்போது வருவதில்லை என்றார்கள். திரை நன்றாக இருந்தும் பீரோவில் கிடக்கிறது. உன் அப்பா தவணை கட்டி முடித்த ஐந்தாம் மாதம் அது. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

பெரிய கம்பெனிக்கே இதில் அடி விழுந்திருக்கிறது. 2012 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் ஆர்டி போட்டு முதல் சர்ஃபேஸை விற்றது. பார்க்க அசல் விண்டோஸ், ஆனால் நாம் வழக்கமாக நிறுவும் விண்டோஸ் மென்பொருள் எதுவும் ஏறாது. அடுத்த வருஷமே அதற்காக 90 கோடி டாலர் நஷ்டம் எழுதினார்கள். இப்போது போன் சிப் வகையைச் சேர்ந்த ஸ்னாப்டிராகன் சிப்போடு வரும் விண்டோஸ் அப்படி இல்லை, பழைய மென்பொருள் பெரும்பாலும் ஓடும். ஆனால் ஸ்கேனர், பிரிண்டருக்கெல்லாம் அந்தச் சிப்புக்கென்றே எழுதிய டிரைவர் வேண்டும். லேசான லேப்டாப்பிலும் அந்தச் சிப் வருகிறது, அதனால் எதை எடுத்தாலும் கேட்டுவிட்டு எடு. ஐபேடில் நீ வரைபடம் போடுகிற க்யூஜிஐஎஸ் மென்பொருள் ஓடாது, அதை மனசிலிருந்து எடுத்துவிடு.

ரிப்பேரையும் யோசி. லேப்டாப்பில் பேட்டரி போனால் பெரும்பாலும் அடித்தகட்டு ஸ்க்ரூவைக் கழற்றி மாற்றிவிடலாம், தஞ்சாவூரிலேயே ஆள் கிடைப்பார்கள். டேப்லெட்டில் பல மாடலுக்குத் திரையைச் சூடுகாட்டிப் பிரித்தால்தான் பேட்டரி தெரியும். பிரிக்கும்போது கண்ணாடி கீறிவிட்டால் முடிந்தது கதை. லேப்டாப்பில் ஹின்ஜ் உடையும், அதுவும் உண்டு. ஒரு மூலையைப் பிடித்துத் திறக்காமல் நடுவில் பிடித்துத் திற. ராம் இரண்டிலுமே பெரும்பாலும் போர்டோடு ஒட்டித்தான் வருகிறது, பிறகு ஏற்ற முடியாது. 16 ஜிபிக்குக் குறைந்து எடுக்காதே.

திரையைப் பின்னால் முழுசாகத் திருப்பி மடக்குகிற வகையையும் நினைத்துப் பார்த்தேன். மடியில் நிற்கும், பேனாவும் ஓடும். ஆனால் மடக்கிக் கையில் பிடித்தால் முழு லேப்டாப்பின் எடையும் ஒரு கையில்தான். கல்வெட்டு முன்னால் நீ பத்து நிமிஷம் கூட அதைத் தாங்க மாட்டாய்.

அதனால் நான் சொல்வது லேசான லேப்டாப். மைப்படி மேல் வரைய யுஎஸ்பியில் சொருகுகிற பேனாப் பலகை ஒன்று வாங்கிக்கொள், திரை இல்லாதது. சில ஆயிரத்தில் முடியும். கண் திரையிலும் கை பலகையிலும் இருப்பது முதல் வாரம் தடுமாறும், பிறகு பழகிவிடும். கோயிலில் இப்போதுபோல நோட்டும் போனும் போதும். எண்ணெய்ப் பிசுக்கும் அபிஷேகத் தண்ணீரும் இருக்கிற இடத்தில் விலை கூடின சாமானைத் தூக்கிக்கொண்டு நிற்பாய் என்று நினைத்தாலே எனக்குப் பதறுகிறது.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். கட்டிலில் குனிந்து மணிக்கணக்காக அடிக்காதே. எனக்குக் கழுத்து எலும்பு தேய்ந்தது இப்படித்தான். காலையில் தலை வாரக் கையைத் தூக்க முடியாமல் நான் நிற்பதை நீ பார்த்திருக்கிறாய். மேஜை காலியாக இருக்கும் நேரத்தில் லேப்டாப்புக்கு அடியில் நாலு தடி புத்தகத்தை அடுக்கித் திரையை உயர்த்து. அதற்குத் தனிக் கீபோர்டு ஒன்று நான் அனுப்புகிறேன், தமிழ்99 ஸ்டிக்கர் ஒட்டியது.

சீட்டுப் பணம் 15ஆம் தேதி கைக்கு வரும். அதற்குள் கடைக்குப் போய் இரண்டையும் பார்த்துவிட்டு வா. மேஜையில் நிற்க வைத்திருப்பதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்துவிடாதே. ஸ்டூலில் உட்கார்ந்து, மடியில் வாங்கி, உன் ஆய்விலிருந்து ஒரு முழுப் பக்கம் அடித்துப் பார். கடைக்காரர் முகத்தைப் பார்க்காதே. நான் சொன்னதற்கு மாறாக உன் கை சொன்னால் அதையே வாங்கு, எனக்கு வருத்தமில்லை. பேனாப் பலகை எதுவானாலும் என் செலவு.

அன்புடன்,
அம்மா