பதினொரு மணி நேரத் தூரம்

அன்பு நண்பா,

போய்ச் சேர்ந்ததும் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு மூன்று வாரம் ஓடிவிட்டது. திட்டித் தீர்த்துவிட்டுப் படி. இங்கே எல்லோரும் சுகம். நெட்டையன் பேசினான், அந்தச் சைக்கிள் கதையை அவன் இன்னும் விடவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். வாசலில் வழியனுப்பும்போது கேட்டாயே, "விமானத்துல வர பதினொரு மணி நேரம், திரும்பிப் போக பத்துதானா? தூரம் எப்படிடா குறையும்?" என்று. வந்த மறுநாளே மகளின் உலக உருண்டையை எடுத்துவைத்து, எங்கள் லண்டனில் ஒரு நூலை விரலால் அழுத்தி, உன் லாஸ் ஏஞ்சல்ஸ் வரை இறுக்கிப் பிடித்தேன். நேரே அட்லாண்டிக்கின் நடுவில் கிடக்கும் என்று பார்த்தால், நூல் மெல்ல வழுக்கி மேலே ஏறி கிரீன்லாந்தின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது! உன் ஊர் லண்டனுக்கு எவ்வளவோ தெற்கே இருக்கிறது. விமானமோ கிளம்பியதும் வடமேற்கே திரும்புகிறது. தட்டை வரைபடத்தில் சுற்றுவழி, உருண்டையில் அதுதான் குறுக்குவழி. சுமார் 8,750 கிலோமீட்டர்.

போக, வர தூரம் ஒன்றுதான். ஓரவஞ்சனை செய்வது காற்று. பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஆறு மாதிரி ஓடுகிறது ஜெட் ஸ்ட்ரீம். குளிர்காலத்தில் சில நாள் மணிக்கு 300 கிலோமீட்டரையும் தாண்டும். உன்னிடம் வரும்போது எதிர்நீச்சல், திரும்பும்போது அது தள்ளிவிடுகிறது. "பூமி கீழே சுற்றுது, மேற்கே பறந்தா ஊரே நம்மகிட்ட வந்துடும்" என்று ஹாஸ்டல் மொட்டைமாடியில் அடித்துப் பேசினாயே, அது தப்படா. பூமியோடு காற்றும் சேர்ந்தேதான் சுற்றுகிறது.

ஜப்பானில் ஓயிஷி வசாபுரோ என்பவர் 1920களில் பலூன் பறக்கவிட்டு இந்தக் காற்றை அளந்திருக்கிறார். உலகத்துக்கே தெரியட்டும் என்று 1926இல் எஸ்பெராண்டோவில், அதாவது எல்லா நாட்டாருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று உருவாக்கிய மொழியில், எழுதினார். வெளியே யாரும் கண்டுகொள்ளவில்லை. எனக்கு மனசு ஆறவே இல்லை.

இவ்வளவும் நோண்டியதற்குக் காரணம் உண்டு. போன வருஷம் உனக்கு நெஞ்சில் ஆபரேஷன் நடந்தபோது, "ரொம்ப தூரம்டா" என்று போனிலேயே முடித்துக்கொண்டேன். இந்தத் தடவை மத்தியானம் பன்னிரண்டுக்கு ஏறினேன்; அன்றைக்கே, உன் ஊர்க் கடிகாரத்தில் மூன்று மணிக்கு இறங்கிவிட்டேன். வழி முழுக்க வெயில் கூடவே வந்தது. அண்ணி அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் தனியாக உட்கார்ந்திருந்ததைச் சொன்னார்களே, அதுதான் திரும்பத் திரும்ப ஞாபகம் வருகிறது. நான் வந்திருக்க வேண்டும். மன்னித்துவிடு.

ஜூனில் இரண்டு பேரும் கிளம்பி வாருங்கள். சாயங்கால விமானமாகப் பார்த்து, இடப்பக்கம் ஜன்னல் சீட் எடு. நடு ராத்திரியிலும் வடக்கு வானம் முழுசாக இருட்டாது. அண்ணியை ஜன்னலோரம் உட்காரவை, நீ தூங்கிவிடுவாய்.

உன்,
கண்ணாடி