கப்பல் நின்ற நேரத்தைக் கரையில் இருந்த நேரமாக விற்றது குறித்துப் புகார்

அனுப்புநர்
கிரேக்கத் தீவுகள் பயணத்தில் குடும்பத்தோடு வந்த பயணி,
கோயம்புத்தூர்.
(முன்பதிவு எண், அறை எண், ரசீது நகல்கள் இணைப்பில் உள்ளன)

பெறுநர்
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கப்பல் சுற்றுலா நிறுவனம்,
சென்னை அலுவலகம்.

பொருள்: சாண்டோரினியில் படகு மூலம் கரை இறக்கியதில் நடந்த குளறுபடி, முன்கூட்டியே சொல்லாத விவரங்கள், இறங்காதவர்களிடமும் வசூலித்த கட்டணம் – பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா / அம்மா,

வணக்கம். கடந்த செப்டம்பரில் உங்கள் கப்பலில் ஏதென்ஸுக்குப் பக்கத்துத் துறைமுகமான பிரேயஸிலிருந்து கிரேக்கத் தீவுகளுக்குப் போய்வந்தோம். நான், என் கணவர், மகள், மாமியார். கப்பலைப் பற்றி எனக்குக் குறை இல்லை. அறை சுத்தமாக இருந்தது. சைவம் என்று சொன்னதும் தனியாகப் பருப்பு வேகவைத்துக் கொடுத்த சமையற்காரருக்கு என் நன்றியைச் சொல்லிவிடுங்கள். இந்தக் கடிதம் சாண்டோரினியில் நின்ற அந்த ஒரு நாளைப் பற்றியது மட்டும்தான். உங்கள் சென்னை அலுவலகத்தில் தமிழில் பேசித்தான் எங்களுக்கு இதை விற்றார்கள் என்பதால் தமிழிலேயே எழுதுகிறேன்.

நீங்கள் கொடுத்த பயணத் திட்டத்தில் "சாண்டோரினி: காலை 8 – மாலை 5" என்று இருக்கிறது. அதைப் படிக்கும் யாரும் ஊரில் ஒன்பது மணி நேரம் இருக்கலாம் என்றுதான் நினைப்பார்கள். எங்களுக்குக் கிடைத்தது இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. மாமியாருக்கு அதுவும் இல்லை. இதில் காற்றுக்கும் அலைக்கும் பங்கு எதுவும் கிடையாது. அன்று கடல் அவ்வளவு அமைதியாக இருந்தது.

அங்கே பெரிய கப்பல் கரையை ஒட்டி நிற்க முடியாது என்பதை நான் கப்பலில் ஏறிய பிறகுதான் தெரிந்துகொண்டேன். எரிமலை வெடித்து உள்வாங்கிய பள்ளத்தில் கடல் புகுந்த இடம் அது. ஆழம் முந்நூறு மீட்டருக்கு மேல். நங்கூரம் போடவே வழியில்லாமல் பல கப்பல்கள் எஞ்சினை ஓடவிட்டபடி நிற்கின்றன. அங்கிருந்து சின்னப் படகில் ஏறித்தான் கரைக்குப் போக வேண்டும். அந்தப் படகுகளும் உங்களுடையவை அல்ல, உள்ளூர்ப் படகுக்காரர்கள் ஓட்டுவது. சரி, இதெல்லாம் இயற்கையும் ஊர் வழக்கமும். ஆனால் வருஷா வருஷம் அங்கே கப்பல் விடும் உங்களுக்கு இது தெரியும். பணம் கட்டிய எங்களுக்கு ஏன் தெரியவில்லை? பயணத் திட்டத் தாளின் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், அந்த ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டிருக்கிறீர்கள். அதற்கான விளக்கம் அந்தத் தாளில் எங்கேயும் இல்லை. நகலில் வட்டம் போட்டு அனுப்பியிருக்கிறேன், பாருங்கள்.

அன்று காலை நடந்தது இது. ஏழரைக்கே போய் நான்காம் தளத்துக் கூடத்தில் வரிசையில் நின்று படகுக்கான எண் ஒட்டியை வாங்கினோம். எங்கள் எண் 27. சட்டையில் ஒட்டிக்கொண்டு அங்கேயே உட்காருங்கள், எண்ணைக் கூப்பிடுவோம் என்றார்கள். எட்டு மணிக்கு ஆள் இறக்கத் தொடங்கினார்கள். முதலில் உங்களிடம் தனியாகக் காசு கொடுத்துக் கரைச் சுற்றுலா வாங்கியவர்கள், அப்புறம் உயர்வகை அறைக்காரர்கள், அப்புறம் உங்களோடு பல பயணம் போன பழைய வாடிக்கையாளர்கள். எங்கள் கூடத்தில் முதல் எண்ணைக் கூப்பிட்டபோது மணி பத்தைத் தாண்டிவிட்டது. ஒலிபெருக்கி அந்தக் கூடத்தில் சரியாகக் கேட்கவில்லை. எண்ணைத் தவறவிடுவோமோ என்று யாரும் எழுந்து போய்க் காபி கூட வாங்கவில்லை. குழந்தைகள் தரையில் படுத்துவிட்டார்கள். தண்ணீர் வைக்கச் சொல்லி இரண்டு மூன்று பேர் கேட்ட பிறகுதான் ஒரு குடுவை வந்தது.

27ஐக் கூப்பிட்டபோது 11.40. மாமியாருக்கு எழுபதைத் தாண்டிய வயது, முழங்கால் வலி, கையில் ஊன்றுகோல். கீழே படகு வாசலுக்குப் போனோம். கப்பலின் பக்கவாட்டில் ஒரு சின்ன மேடை. அதை ஒட்டிப் படகு. அமைதியான கடலிலும் படகின் விளிம்பு மேடைக்கு மேலே ஒரு சாண் ஏறும், பிறகு ஒரு சாண் கீழே இறங்கும். நடுவில் கறுப்பு ரப்பர்த் தடுப்பு நசுங்கி நசுங்கிச் சத்தம் போடும். இரண்டு பக்கமும் ஆள் நின்று முழங்கையைப் பிடித்து, படகு மேலே வரும் அந்த நொடியில் "இப்போது" என்று அடியெடுத்து வைக்கச் சொல்கிறார்கள். மாமியாரைப் பார்த்ததும் அங்கிருந்த அதிகாரி, தானாகக் காலெடுத்து வைக்க முடியாதவர்களை ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்.

அந்த விதி சரியானது. கால் தவறினால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும், தூக்கி ஏற்றுங்கள் என்று நான் சண்டை போடவில்லை. என் கேள்வி வேறு. முன்பதிவு செய்யும்போதே மாமியாரின் முழங்காலைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். "எல்லா இடத்திலும் சக்கர நாற்காலி வசதி உண்டு மேடம், அம்மா ராணி மாதிரி வரலாம்" என்று உங்கள் ஆள் சொன்னார். அது நான் அவரிடம் கேட்டுப் பெற்ற மின்னஞ்சலிலும் இருக்கிறது (இணைப்பு 3). எண் ஒட்டி கொடுத்த இடத்திலும் ஊன்றுகோலைப் பார்த்துவிட்டுத்தான் அவருக்கும் ஓர் ஒட்டியை நீட்டினார்கள். நான்கு மணி நேரம் உட்காரவைத்துவிட்டு வாசலில் வந்து முடியாது என்று சொல்வதற்கு, காலையிலேயே சொல்லியிருந்தால் அவர் மேல்தளத்தில் உட்கார்ந்து அந்த மலைமுகட்டு ஊரையாவது நிம்மதியாகப் பார்த்திருப்பார். அவரைத் தனியே விட முடியாது என்று கணவரும் திரும்பிவிட்டார். நானும் மகளும் மட்டும் போனோம், அதுவும் மாமியார் பிடிவாதமாக அனுப்பியதால்.

கரைக்குப் போய்விட்டால் ஊர் வந்துவிட்டது என்று நினைத்தேன். படகு இறக்கிவிடுவது தீவின் முக்கிய ஊரான ஃபிராவின் பழைய துறைமுகத்தில். ஊர் இருப்பது இருநூறு மீட்டருக்கும் மேலே, செங்குத்தான பாறையின் உச்சியில். ஏறுவதற்கு மூன்று வழி: கேபிள் கார், கோவேறு கழுதை, இல்லையென்றால் ஏறக்குறைய 590 படிகள். அந்தப் படிகளில்தான் கழுதைகளும் ஏறி இறங்குகின்றன. வெயிலில் அந்த நாற்றமும் வழுக்கலும் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டாம். கழுதை மேல் ஏற எங்களுக்கு மனம் வரவில்லை. ஆகவே கேபிள் கார் வரிசை. நிழல் இல்லாத இடத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல்.

நிற்கும்போது சும்மா கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு தடவைக்கு ஆறு பெட்டி, பெட்டிக்கு ஆறு பேர், ஆக 36 பேர். மேலே போக மூன்று நிமிடம். இடைவெளியே விடாமல் ஓட்டினாலும் மணிக்கு 720 பேருக்கு மேல் போக முடியாது. அன்று அந்த வளைகுடாவில் எங்களுடையதையும் சேர்த்து நான்கு கப்பல்கள் நின்றன. வரிசையில் நிற்கும் என்னாலேயே போட முடிந்த கணக்கு உங்கள் பயணத் திட்டப் பிரிவுக்குத் தெரியாமலா இருக்கும்? ஒரு நாளைக்கு 8,000 கப்பல் பயணிகள் என்று அந்தத் தீவில் வரம்பு வைத்திருக்கிறார்கள், கப்பல்களுக்கு முன்கூட்டியே நாளும் நேரமும் ஒதுக்குகிறார்கள். அன்றைக்கு எத்தனை கப்பல் நிற்கும் என்பது உங்களுக்கு எதிர்பாராத செய்தியாக இருந்திருக்க முடியாது.

தெரியும் என்பதற்கு உங்கள் ஏற்பாடே சாட்சி. உங்களிடம் சுற்றுலா வாங்கியவர்களை நீங்கள் அந்தப் பழைய துறைமுகத்துக்கு அனுப்பவே இல்லை. அவர்கள் படகு போனது அதினியோஸ் துறைமுகத்துக்கு. அங்கே பேருந்து காத்திருக்கிறது, மலைச்சாலையில் நேராக மேலே போய்விடலாம். கேபிள் கார் வரிசை எப்படி இருக்கும் என்று நன்றாகத் தெரிந்துதான், காசு கொடுத்தவர்களை அதிலிருந்து காப்பாற்றியிருக்கிறீர்கள். மற்றவர்களிடம் அந்த வரிசையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. முந்தின நாள் மாலை அறைக்கு வந்த அறிவிப்புத் தாளில் கால் பக்கம் நகைக்கடை விளம்பரம் இருக்கிறது, கேபிள் கார் என்ற சொல் இல்லை. பழைய துறைமுகத்திலேயே, படகில் தீவின் இன்னொரு ஊரான ஓயாவுக்குக் கூட்டிப்போய் அங்கிருந்து பேருந்தில் ஃபிராவுக்குக் கொண்டுவிடும் உள்ளூர்ச் சீட்டு விற்கிறார்கள். அதையும் நான் அங்கே இறங்கித்தான் பார்த்தேன். பகல் பன்னிரண்டுக்கு மேல் அதை வாங்கி என்ன செய்ய? திரும்பும் நேரம் ஒத்துவராது.

ஃபிராவை அடைந்தபோது மணி ஒன்றேகால். கடைசிப் படகு 4.30க்கு. இறங்குவதற்கும் இதே வரிசை நிற்கும், மூன்று மணிக்கே வந்து நின்றுவிடுங்கள் என்று கீழே உங்கள் ஊழியர் எச்சரித்திருந்தார். அவர் சொன்னது உண்மைதான். மூன்று மணிக்கு வரிசை கடைத்தெருவுக்குள் வளைந்து போய்க்கொண்டிருந்தது, உங்கள் சுற்றுலாக்காரர்களும் இறங்குவதற்கு அந்த வரிசைக்கே வந்து சேர்ந்தார்கள். ஓயா அங்கிருந்து பத்து கிலோமீட்டர் சொச்சம்தான். போகவில்லை. உங்கள் அலுவலகச் சுவரில் இருக்கும் நீலக் குவிமாடப் படம் ஓயாவில் எடுத்தது, தெரியுமல்லவா? அதைக் காட்டித்தான் எங்களுக்கு இந்தப் பயணத்தை விற்றீர்கள்.

அடுத்த நாள் ரோட்ஸ் தீவு. கப்பல் துறையிலேயே கட்டி நின்றது, பலகையில் இறங்கிச் சிறிது நடந்தால் பழைய நகரத்தின் மதில். மாமியாரும் மெதுவாக நடந்து வந்து மதிலுக்குள் ஒரு கடையில் உட்கார்ந்து ஆரஞ்சுச் சாறு குடித்தார். உங்கள் திட்டத் தாளில் இந்த இரண்டு ஊருக்கும் ஒரே அச்சு, ஒரே மாதிரி நேரக் குறிப்பு. முதியவர்களோடு வருகிறவர்கள் இதை வைத்து எப்படி முடிவெடுப்பார்கள்?

கப்பலில் புகார் சொல்லவில்லையா என்று கேட்பீர்கள். அன்று மாலையே வரவேற்பு மேசையில் சொன்னேன். "கடல் நிலையைப் பொறுத்தது மேடம், நிறுவனத்தின் கையில் இல்லை" என்றார் அங்கிருந்த இளைஞர். ஜன்னலுக்கு வெளியே கடல் எண்ணெய் ஊற்றி வைத்தது போலக் கிடந்தது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறார். எழுதிக் கொடுங்கள் என்றேன். ஊருக்குப் போய் அலுவலகத்தில் கேளுங்கள் என்றார். அதனால்தான் இந்தக் கடிதம்.

இன்னொன்று, பணத்தைப் பற்றியது. கிரேக்க அரசு 2025 ஜூலை முதல் கப்பல் பயணிகளுக்குக் கட்டணம் விதிக்கிறது. சாண்டோரினியில் ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆளுக்கு 20 யூரோ. அது கரையில் இறங்கும் பயணிக்கான கட்டணம். எங்கள் கணக்கில் நான்கு பேருக்கும் சேர்த்து 80 யூரோ பிடித்திருக்கிறீர்கள். என் மாமியாரும் கணவரும் கப்பலைவிட்டு இறங்கவே இல்லை. இறங்கும்போதும் ஏறும்போதும் அறை அட்டையை இயந்திரத்தில் காட்டுகிறோம், ஆகவே யார் இறங்கினார்கள் என்ற பதிவு உங்களிடமே இருக்கிறது. இறக்கமாட்டேன் என்று நீங்களே சொன்னவருக்கு இறங்கியதற்கான கட்டணத்தை எந்தக் கணக்கில் வாங்கினீர்கள்?

நான் கேட்பது இவை. இறங்காத இருவருக்கான 40 யூரோவை உடனே திருப்பித் தாருங்கள், அதில் பேசுவதற்கே எதுவும் இல்லை. மாமியாரின் பயணக் கட்டணத்தில் அந்த நாளுக்குரிய பங்கை, எழுத்தில் கொடுத்த சக்கர நாற்காலி உறுதி பொய்யானதற்காகத் திருப்பித் தாருங்கள். எங்கள் மூவருக்கும் என்ன ஈடு என்பதை நீங்களே ஒரு தொகையாகச் சொல்லுங்கள். அடுத்த முறை கப்பலில் செலவழிக்க ஒரு கூப்பன் தருகிறோம் என்று தயவுசெய்து எழுத வேண்டாம். அடுத்த முறை என்று ஒன்று இருக்குமா என்பதை உங்கள் பதிலைப் பார்த்துத்தான் நாங்கள் யோசிப்போம்.

பணத்தோடு ஒரு விளக்கமும் எழுத்தில் வேண்டும்: அன்று படகில் ஏற்றிய வரிசையை யார், எந்த அடிப்படையில் தீர்மானித்தார்கள், எண் ஒட்டி வாங்கியவர்களில் முதல் ஆள் எத்தனை மணிக்கு இறங்கினார். உங்கள் திட்டத் தாளில் படகில் இறக்கும் ஊர்களைத் தெளிவாக, முன்பக்கத்திலேயே குறிப்பிடப் போகிறீர்களா என்பதையும் சொல்லுங்கள். இப்போது என் தங்கை குடும்பம் உங்களிடமே விசாரித்துக்கொண்டிருக்கிறது. அவர்களிடமும் போன வாரம் உங்கள் ஆள் அதே "8 – 5" தாளைத்தான் கொடுத்திருக்கிறார்.

இந்தக் கடிதம் கிடைத்த 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நான் வசிக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு போட முடியும், போடுவேன். நுகர்வோரிடம் முக்கிய விவரத்தை வேண்டுமென்றே மறைப்பதை அந்தச் சட்டம் சேவைக் குறைபாடு என்கிறது. வழக்கறிஞர் வைக்காமலே நானே வாதாடலாம் என்பதையும் விசாரித்து வைத்திருக்கிறேன்.

பதிலைத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். தொலைபேசியில் கூப்பிட வேண்டாம். இனி எல்லாம் எழுத்தில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்புகள்:
1. பயணத் திட்டத் தாளின் நகல் (வட்டமிட்ட பகுதியுடன்)
2. கப்பல் கணக்கு ரசீது
3. சக்கர நாற்காலி குறித்து உங்கள் விற்பனைப் பிரதிநிதி அனுப்பிய மின்னஞ்சல்
4. எண் 27 ஒட்டிகளின் படம், கேபிள் கார் வரிசையில் நேரத்தோடு எடுத்த படங்கள்