எடையோடு வயிற்றுச் சுற்றளவையும் அளக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முப்பது வயதைத் தாண்டியவுடன் மாரடைப்புக்கு ஆளாகும் இளைஞர்களைப் பற்றிய செய்திகள் வரும்போது புகைப்பழக்கத்தையும் மன அழுத்தத்தையும் பேசுகிறோம். தொப்பையை மட்டும் இன்னும் கேலிப் பொருளாகவே வைத்திருப்பது வேதனை அளிக்கிறது.

குடலையும் கல்லீரலையும் சூழ்ந்து சேரும் கொழுப்பு ஒரு சுரப்பியைப் போல இயங்குகிறது. ரத்தக் குழாய்க்குள் உருவாகும் உறைகட்டிகளைக் கரைப்பதற்கு நம் உடலில் பிளாஸ்மின் என்ற நொதி இருக்கிறது. அந்த நொதி உருவாவதைத் தடுக்கும் பிஏஐ-1 என்ற புரதம், வயிற்றுக் கொழுப்பு கூடக்கூட ரத்தத்தில் மிகுகிறது. அக்கொழுப்பிலிருந்து வெளியேறும் அழற்சிப் பொருள்களின் தூண்டுதலால் கல்லீரலும் உறைவுக்குத் தேவையான ஃபைப்ரினோஜனைக் கூடுதலாகச் சுரக்கிறது. இவ்வாறு உறையும் தன்மை கூடி, கரைக்கும் ஆற்றல் குறைந்திருக்கும் ஒருவருக்கு இதயத் தமனியில் ஒரு சிறு கொழுப்புப் படிவு வெடித்தால்கூட, அது முழு அடைப்பில் முடியும் ஆபத்து அதிகம். இதற்கிடையே இடது கீழறையின் சுவர் தடித்து, இதயம் தளர்ந்து விரிவதும் மெல்ல மந்தமாகிறது. மாடிப்படி ஏறும்போது வரும் மூச்சிரைப்பை 'உடம்பு போட்டுவிட்டது' என்று தள்ளிவிடுபவர்கள் எத்தனை பேர்!

52 நாடுகளில் நடந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வு, மாரடைப்பு அபாயத்தைக் காட்டுவதில் உயரத்துக்கு எடை பொருத்தமா என்று காட்டும் உடல் நிறை குறியீட்டைவிட (பிஎம்ஐ) இடுப்பு, பிட்டச் சுற்றளவுகளின் விகிதமே வலுவானது என்று 2005இலேயே தெரிவித்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஐசிஎம்ஆர்-இன்டியாப் ஆய்வின்படி, இந்தியாவில் 20 வயதைக் கடந்தவர்களில் பொதுவான உடல் பருமன் உள்ளவர்கள் 28.6 விழுக்காடு, வயிற்றுப் பருமன் உள்ளவர்களோ 39.5 விழுக்காடு. எடைக்கருவியை மட்டும் நம்பினால் இவர்களில் பலர் நலமானவர்களாகவே வீடு திரும்புவார்கள்.

ஆகவே, கல்லூரிச் சேர்க்கையின்போதும், நிறுவனங்களின் ஆண்டுப் பரிசோதனையிலும், ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீடு தேடி வரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் வயிற்றுச் சுற்றளவைக் கட்டாயம் பதிவு செய்யுமாறு அரசைக் கேட்டுக்கொள்கிறேன். தெற்காசிய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது எச்சரிக்கை எல்லை. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக வெளியிட்ட நிலையில் அளக்க வேண்டும். இதற்கு ஒரு தையல் டேப் போதும். எடை குறையும்போது பிஏஐ-1 அளவும் இறங்குகிறது என்பதால், இருபது வயதிலேயே எச்சரிப்பதால் கிடைக்கும் பலன் மிகப் பெரிது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
மதுரை