மெஷின் சரியாகிவிட்டது, அம்மிணி

அம்மிணிக்கு, அப்பா எழுதிக்கொள்வது.

நீ அனுப்பிய களை வெட்டுகிற மெஷின், பிரஷ் கட்டர், ஓடுகிறது. கவலைப்படாதே. போனில் சொன்னால் “சரிப்பா, சரிப்பா” என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன். அம்மாவுக்குக் கண்ணில் சொட்டு மருந்து நிறுத்தியாயிற்று, டிவி பார்க்கிறாள். மேட்டுத்தெரு விஷயமும் ஒரு வழியாக முடிந்தது, நேரில் சொல்கிறேன்.

சாக்குக்குள் நீ வைத்த சீட்டில் ஒரே வரிதான் இருந்தது. “சோக் போட்டால் ஓடுது, சோக்கை எடுத்தால் அணையுது.” கடைக்கு வருகிறவர்கள் “ஓடலைங்க” என்பதோடு சரி, இப்படி யாரும் சொல்வதில்லை. மெஷினைத் தொடாமலே எனக்குத் தெரிந்துவிட்டது, சோக் காற்றை மறிக்கிற வரைதான் ஓடுகிறது என்றால் பெட்ரோல் போதாமல் காற்றே போகிறது, பெட்ரோல் வருகிற சின்னத் துளை, ஜெட், அடைத்திருக்கிறது என்று. பட்டறைப் பையனிடம் சீட்டைக் காட்டி, என் மகள் எழுதினது பார் என்றேன்.

ஆனால் டேங்க் மூடியைத் திறந்ததும் வார்னிஷ் வாடை. முக்கால் டேங்க் பெட்ரோல் தையிலிருந்து அப்படியே நின்றிருக்கிறது. மாப்பிள்ளை இதில் ரொம்பச் சுத்தம் ஆயிற்றே. மிளகுக்கொடி அடியெல்லாம் வெட்டி முடிந்ததும் பெட்ரோலை வடித்து, என்ஜின் தானாக அணைகிற வரை ஓடவிட்டுத்தான் உள்ளே வைப்பார். இந்த வருஷம் யாரும் வடிக்கவில்லை. சரி.

வடிக்காமல் வைக்காதே, அம்மிணி. இப்போது பங்கில் வருகிற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது ஈரத்தை இழுக்கும், உங்கள் கொல்லிமலையில் மூடுபனிக்குப் பஞ்சமா? தண்ணீர் ஓர் அளவுக்கு மேல் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் பிரிந்து அடியில் உட்கார்ந்துவிடும். பெட்ரோல் உறிஞ்சுகிற குழாயின் முனையும் அடியில்தான் கிடக்கிறது. என்ஜின் தேயாமல் இருக்க நீ கலந்த 2டி ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும், என்ஜினுக்குப் போவது ஆயில் இல்லாத சரக்கு. பிஸ்டன் பிடித்துக்கொள்ள அது போதும். கார்புரேட்டரைப் பிரித்தேன், ஜெட் வாயில் பச்சையாகப் பிசின் பிடித்திருந்தது. பெட்ரோலை இழுத்துக் கொடுக்கிற ஜவ்வு, டயாபிரம், துணி மாதிரித் துவள வேண்டியது, அப்பளமாக மொடமொடத்துப் போயிருந்தது. புதிது போட்டுவிட்டேன். டேங்க்குக்குள் இருக்கிற ஃபில்டரும் புதிது.

லிட்டருக்கு 40 மில்லி 2டி ஆயில். கண் அளவு வேண்டாம், மருந்து மூடியில் அள. ஒரு வாரத்துக்கு வேண்டியது மட்டும் கல, மிஞ்சினால் டேங்கில் விடாதே. பிளக் நுனி மண் நிறத்தில் இருந்தால் நல்லது. கறுப்பாக நனைந்திருந்தால் பெட்ரோல் அதிகம் குடித்திருக்கிறது. பிளக்கைக் கழற்றித் துடைத்து, சோக் இல்லாமல் கயிற்றை நாலைந்து இழுப்பு இழுத்துவிட்டு மாட்டு. பிளக் நுனியின் இடைவெளி 0.6, 0.7 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். கொஞ்ச நேரம் ஓடி, தானே அணைந்து, மூடியைத் தளர்த்தினால் மறுபடி ஓடுகிறதா? மூடியில் இருக்கிற காற்றுத் துளை அடைத்திருக்கிறது, வேறொன்றுமில்லை. ஏர் ஃபில்டர் ஸ்பான்ஜை சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைத்து மாட்டு. எப்படி இருந்தாலும் கயிற்றை ஐந்தாறு தடவைக்கு மேல் இழுக்காதே. இழுத்து இழுத்துக் கயிறு பிசிறு பிசிறாகிவிட்டதைப் பார்த்தேன். உன் தோள் என்னத்துக்கு ஆகும்? அதற்குள் போன் பண்ணியிருக்கலாம். பண்ணவில்லை நீ.

மெஷினைத் தோளில் மாட்டுகிற வாரையும் பார்த்தேன். பக்கிளைக் கடைசி மட்டும் ஏற்றி, தொங்குகிற மிச்சத்தைச் சுருட்டி நைலான் நூலால் கட்டியிருக்கிறது. அந்த முடிச்சு நான் உனக்குச் சொல்லிக்கொடுத்தது. மாப்பிள்ளை உயரத்துக்கு அந்த வார் மார்புக்கு மேல் அல்லவா நிற்கும்! போன தடவை பேசியபோதும் அவர் தோட்டத்துக்குப் போயிருக்கிறார் என்றுதான் சொன்னாய். அதற்கு முந்தின தடவையும்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. நீ மெஷின் ஓட்டுவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, பன்னிரண்டு வயசில் ஸ்டார்ட்டர் ஸ்பிரிங்கைச் சுருட்டி உள்ளே வைத்த பிள்ளை நீ, என் கை அதை இன்னும் சரியாக வைப்பதில்லை என்று அம்மாவே சொல்வாள். ஆனால் தனியாக ஓட்டாதே. சரிவில் கால் வழுக்கினால், பிளேடு சில்வர் ஓக் வேரில் பட்டு உதைத்தால், கூப்பிட ஓர் ஆள் வேண்டும். பக்கத்தில் நிற்கக் கூடாது, 15 மீட்டராவது தள்ளித்தான் நிற்க வேண்டும், ஆனால் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும். மேலத்தோட்டத்துப் பையனுக்கு அரைநாள் கூலி கொடுத்தாவது வரச் சொல். பணம் நான் தருகிறேன். யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

பிளேடில் புல் சுற்றிக்கொண்டால் அணைத்துவிட்டு, பிளக் கேப்பையும் கழற்றிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். சூடான என்ஜினில் பெட்ரோல் ஊற்றாதே. வேலை முடிந்ததும் வடி. இதை முன்னமே சொல்லிவிட்டேன், இருந்தாலும் சொல்கிறேன், வடி.

இன்னொன்று. ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஐட்லிங்கில் விட்டால் பிளேடு நிற்க வேண்டும், இதில் மெதுவாகச் சுற்றுகிறது. வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன், அப்போதும் நிற்கவில்லை. கிளட்ச் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. நீ கவனித்தாயா, கவனித்தும் ஓட்டினாயா தெரியவில்லை, அதை நினைத்தால் வயிறு கலங்குகிறது. ஸ்பிரிங் இங்கே கிடைக்கவில்லை, சேலத்திலிருந்து சனிக்கிழமை வருகிறது.

அதனால் மெஷினை பஸ்ஸில் போடப்போவதில்லை. கடிதத்தை மட்டும் செம்மேடு வண்டி டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் நானே மெஷினோடு வருகிறேன், அம்மாவும் வருகிறாள். எழுபது வளைவும் ஏறினால் தலை சுற்றும் என்று இத்தனை நாள் சொன்னவள், இந்த வாரை எடுத்துப் பார்த்ததிலிருந்து போகலாம் போகலாம் என்கிறாள். மாப்பிள்ளை வீட்டில் இருந்தால் பார்த்துவிட்டு வருவோம். இல்லை என்றால் திங்கட்கிழமையும் இருந்து, நீயும் நானுமாகக் கீழ்ப்பாத்தியை வெட்டி முடித்துவிடலாம். சமைத்து வைக்காதே, அம்மா கட்டி எடுத்துக்கொண்டு வருவாள். அதுவரை களை வளர்ந்தால் வளரட்டும், அரிவாளையும் எடுத்துக்கொண்டு இறங்காதே.

அப்பா