சர்க்கரை உள்ள பிள்ளைகளுக்குக் கைபேசித் தடையிலிருந்து விலக்கு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளிக்கூடத்துக்குள் கைபேசியே கூடாது என்று சென்ற வாரம் தங்கள் நாளிதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். என் எண்ணமும் அதுதான். ஆனால் சில பிள்ளைகளுக்கு மட்டும் விலக்கு வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். ஒன்பது வயதில் அவளுக்கு டைப் 1 சர்க்கரை நோய் வந்தது. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அழித்துவிடுவதால் வருவது இது. "சின்னதுலயே இனிப்பு நிறையக் குடுத்தீங்களா?" என்று இன்றைக்கும் கேட்கிற உறவினர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். தினமும் நாலு ஊசி. சர்க்கரை அளவு பார்க்க ஆறேழு முறை குத்திக் குத்தி விரல் நுனியெல்லாம் கரும்புள்ளி.

போன வருடம்தான் கையில் ஒட்டும் சென்சார் வாங்கினோம். பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய வில்லை, 14 நாள் வரும். சர்க்கரை அளவை அவ்வப்போது அவள் கைபேசிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். இன்சுலின் போடுகிறவர்களுக்கு அளவு ரொம்ப இறங்குவதும் ஆபத்து, உடனே இனிப்பு கொடுக்க வேண்டும்; 70-க்குக் கீழே இறங்கினால் கைபேசி அலறும். ஒன்றின் விலை நாலாயிரத்துக்கு மேல். இன்சுலின் அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கிறது, இதற்குக் கைக்காசுதான். அதனால் மாதத்தில் பாதி நாள்தான் போட முடிகிறது.

ஆகஸ்டில் ஒரு நாள் காலை, வழக்கம்போல எல்லாக் கைபேசிகளையும் வாங்கி அலுவலக அறையில் பூட்டிவிட்டார்கள். அவளுடையதும் அதில் போய்விட்டது. சென்சாருக்கும் கைபேசிக்கும் நடுவே இருபது, முப்பது அடிக்கு மேல் போனால் தொடர்பு அறுந்துவிடும். கணக்கு வகுப்பில் அவளுக்கு வியர்த்துக் கொட்டியிருக்கிறது, கை நடுங்கியிருக்கிறது. எழுந்தால் திட்டுவார்களோ என்று பயந்து அப்படியே உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் இருந்த தோழிதான் அவள் பையைத் துழாவி குளுக்கோஸ் பொடியை எடுத்து வாயில் போட்டிருக்கிறாள். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது சீருடைக் காலர் நனைந்திருந்தது. குளுக்கோஸ் தின்ற பிறகும் அளவு 58.

பள்ளியை மட்டும் குறை சொல்ல மாட்டேன். அவள் சர்க்கரை அளவு என் கைபேசியிலும் தெரியும். அலுவலகத்தில் கணக்கு எழுதும்போதும் ஒரு கண் அதிலேயே இருக்கும். ஒரு நாள் சாயங்காலம் அவள் அழுதுகொண்டே கேட்டாள்: "முன்னெல்லாம் வீட்டுக்கு வந்தா சாப்பிட்டியான்னு கேப்ப. இப்ப, இருநூத்திப் பத்து போயிருக்கே, என்னத்தத் தின்னேன்னு கேக்குற." அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை. இப்போது எங்களுக்குள் ஒரு பேச்சு. 70-க்குக் கீழே போனால் மட்டும் நான் அழைப்பேன், மற்றதை அவளே பார்த்துக்கொள்வாள். அதிலிருந்து எத்தனை யூனிட் இன்சுலின் போடுவது என்று அவளாகவே கணக்குப் போடுகிறாள், முகமும் தெளிந்திருக்கிறது. இப்படிப்பட்ட கருவி வைத்திருக்கும் பெற்றோர் இதை யோசிக்க வேண்டும்.

இப்போது அவள் கைபேசி வகுப்பாசிரியை மேசையில் இருக்கிறது. தலைமையாசிரியை நல்லவர், என்னிடம் ஒன்று சொன்னார்: "எழுத்துல ஒரு உத்தரவு இருந்தா எனக்கும் தைரியமா இருக்கும்மா."

உத்தரவு போடுவதற்கு முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. டைப் 1 உள்ள மாணவர்கள் தேர்வு அறைக்குள் சர்க்கரை மாத்திரை, பழம் கொண்டுவர சிபிஎஸ்இ 2017-லேயே அனுமதித்தது. உடம்பில் ஒட்டிய சென்சாரோடு தேர்வு எழுத விட வேண்டும், அளவைப் பார்க்கும் கைபேசியைக் கண்காணிப்பாளரிடம் கொடுத்து வைக்கலாம் என்று தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் மாநிலங்களுக்கு எழுதியது.

என் மகளுக்குப் பொதுத்தேர்வு நெருங்குகிறது. தேர்வு மையம் எந்தப் பள்ளியோ, அறையில் யார் இருப்பார்களோ தெரியாது. முழுக்கை போட்டு சென்சாரை மறைத்துக்கொண்டு போகட்டுமா என்று கேட்கிறாள். மறைக்க வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு தாள் வேண்டும். பள்ளிக் கல்வித்துறை அதை ஒவ்வொரு தேர்வு மையத்துக்கும் முன்கூட்டியே அனுப்பி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத தாய்,
கும்பகோணம்.