நடுவராக உட்காரப் போகும் கயலுக்கு

அன்புள்ள கயலுக்கு,

அம்மா எழுதுகிறேன். அடுத்த மாதம் டொராண்டோவில் நடக்கிற, இரண்டு பேர் எதிரெதிரே நின்று வரிகளால் ஒருவரை ஒருவர் மடக்குகிற ராப் போட்டிக்கு உன்னை நடுவராகக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று போனில் சொன்னாய். மூன்று நடுவர்கள், மூன்று ரவுண்டு, மேடையில் நிற்கப் போகிற இரண்டு பேருமே எழுத்தில் கெட்டிக்காரர்கள். "ஒருத்தர் சொதப்பினா சுலபம், ரெண்டு பேருமே நல்லா பண்ணிட்டா என்னம்மா செய்யறது?" என்று கேட்டாய். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை இது.

நீ அனுப்புகிற வீடியோக்களை நான் நிறுத்தி நிறுத்தித்தான் பார்க்கிறேன். புரியாத இடத்தைத் திரும்ப ஓட்டி, காகிதத்தில் எழுதிக்கொள்வேன். கோர்ட்டில் சுருக்கெழுத்து எழுதியே காலம் போன எனக்கு அப்படித்தான் பார்க்க வரும். சில வக்கீல்கள் பேசினால் கோர்ட்டே அசந்து உட்கார்ந்திருக்கும். சாயங்காலம் அதைத் தட்டச்சு செய்யும்போது பார்த்தால், எதிர்த்தரப்பு எழுப்பிய கேள்விக்கு அதில் பதிலே இருக்காது. இன்னொருவர் மெதுவாக, ஏற்ற இறக்கமே இல்லாமல் பேசியிருப்பார். ஒன்று விடாமல் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லியிருப்பார். நீ நடுவராக உட்காரும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். யார் யாருக்குப் பதில் சொன்னார்?

1981 டிசம்பரில் நியூயார்க்கில் ஹார்லெம் வேர்ல்ட் என்ற கிளப்பில் நடந்ததை நீதான் எனக்கு முதலில் சொன்னாய். பிஸி பீ என்ற ராப் பாடகர், கூட்டத்தைக் கட்டி ஆள்வதில் பேர் போனவர். கத்தச் சொன்னால் கத்துவார்கள், கூடப் பாடச் சொன்னால் பாடுவார்கள். அந்தக் காலத்தில் போட்டி என்றால் அதுதான், யார் கூட்டத்தை அதிகம் குஷிப்படுத்துகிறார்களோ அவர்களுக்கு வெற்றி. கூல் மோ டீ என்ற இன்னொரு பாடகர் வந்து எதிரே இருந்த ஆளையே பாட்டுக்குப் பொருளாக்கினார். பிஸி பீ வழக்கமாகப் போடும் வெற்று ஒலி அசைகளைப் போட்டுக் காட்டிக் கேலி செய்தார், உன் வரிகள் உன்னுடையவையா என்று கேட்டார். அந்த ஒலிநாடா கைமாறிக் கைமாறி எங்கெங்கோ போனது. அதற்குப் பிறகு ராப் போட்டியில் வரிக்கு மதிப்பு ஏறியது.

எனவே ஒவ்வொரு நல்ல வரியையும் கேட்டதும் உனக்குள் ஒன்று கேட்டுக்கொள்: இதே வரியை வேறு யார் முன்னால் நின்று சொன்னாலும் பொருந்துமா? பொருந்தும் என்றால் அது வீட்டில் எழுதிவைத்த பொது வரி. துப்பாக்கி, பணம், என்னைவிட யார் பெரியவன் என்கிற வரிகளில் பாதி இந்த வகைதான். கைதட்டல் அதிகம் வரும். மதிப்பெண்ணைக் குறைத்தே போடு. அந்த எதிராளிக்கு மட்டுமே, அதுவும் அவர் சற்றுமுன் சொன்னதற்கு மட்டுமே பொருந்துகிற வரி வந்தால் நிமிர்ந்து உட்கார். எதிராளி முடித்த வரியைப் பிடித்து அந்த நிமிடமே திருப்பி அடிப்பதை ரிபட்டல் என்கிறீர்களே, அதில்தான் ஆளின் திறமை எனக்குத் தெரிகிறது. இரண்டு கட்சியாகப் பிரிந்து கேள்வியும் பதிலுமாகப் பாடுகிற நம் தஞ்சாவூர்ப் பக்கத்து லாவணியிலும் இதுதான் விஷயம். மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சி, எரியவில்லை என்று ஒரு கட்சி. உன் தாத்தா அதைக் கேட்டுவிட்டு வந்தால், யார் பதில் வராமல் திணறினார்கள் என்றுதான் முதலில் சொல்வார்.

ஒரு நியாயமும் பார்க்க வேண்டும். நாணயம் சுண்டி யார் முதலில் என்று முடிவு செய்கிறார்கள். இரண்டாவதாகப் பேசுகிறவருக்கு ஒவ்வொரு ரவுண்டிலும் பதில் சொல்ல வாய்ப்பு இருக்கிறது, கடைசி வார்த்தையும் அவருடையதுதான். முதலில் பேசுகிறவர் முதல் ரவுண்டில் எதற்குப் பதில் சொல்வார்? மூன்றாவது ரவுண்டில் தன்மேல் விழுந்ததற்கு எப்போது சொல்வார்? ரிபட்டலை எடைபோடும்போது இதை மறக்காதே.

காகிதத்தை மட்டும் நம்பு என்று நான் சொல்லவில்லை. நம் எதுகை அடியின் தொடக்கத்தில், இரண்டாம் எழுத்தில் நிற்கிறது. ராப் பாடுகிறவர்களுக்கு ஒலி ஒப்புமை பெரும்பாலும் வரியின் கடைசியில் விழுகிறது. தேர்ந்தவர்கள் மூன்று நான்கு அசைகளைச் சேர்த்தே ஒலிக்க வைக்கிறார்கள். வாத்தியம் இல்லாமல் வெறும் குரலில் சொல்வதால் மூச்சு எங்கே நிற்கிறது, எங்கே அழுத்துகிறார் என்பதிலும் பாதி அர்த்தம் இருக்கிறது. அது எழுத்தில் வராது. பாதியில் வரி மறந்து நின்றுவிட்டால், அதற்கு முன் எவ்வளவு அருமையாகச் சொல்லியிருந்தாலும், அந்த ரவுண்டை அவருக்குக் கொடுக்காதே. ஆனால் அந்தத் தடுமாற்றத்தை அடுத்த ரவுண்டுக்கும் தூக்கிக்கொண்டு போய்த் தண்டிக்காதே. ஒரு ரவுண்டு முடிந்ததும் அப்போதே முடிவு செய்து குறித்துவிடு. கடைசியில் யோசித்தால் மூன்றாவது ரவுண்டு மட்டும்தான் காதில் நிற்கும்.

மேடை ஜோடனைக்கு மயங்காதே, ஒதுக்கவும் செய்யாதே. 2012-இல் லோடட் லக்ஸ் என்ற ராப் பாடகர், கேலிகோ என்ற இன்னொரு பாடகரை எதிர்க்கச் சவப்பெட்டியோடு வந்தார். அவர் வரிகளும் அந்தப் பெட்டியின் கனத்துக்கு இருந்தன, அதனால் எடுபட்டது.

அப்புறம், குடும்பத்தை இழுப்பது. 2001-இல் ஜே-ஸீ, நாஸ் என்ற இரண்டு நியூயார்க் ராப் பாடகர்களுக்குள் மூண்ட பாட்டுச் சண்டையில், ஜே-ஸீ நாஸுடைய குழந்தையின் தாயை இழுத்து அசிங்கமாகப் பாடினார். அதைக் கேட்ட ஜே-ஸீயின் அம்மா குளோரியா கார்ட்டர் மன்னிப்புக் கேட்கச் சொன்னார், ஜே-ஸீயும் வானொலியில் மன்னிப்புக் கேட்டார். நியூயார்க் வானொலி நேயர்கள் வாக்களித்தபோது நாஸ்தான் முந்தினார். எனக்கு அந்த அம்மாவை மிகவும் பிடிக்கும். எதிராளியின் வாழ்க்கையைப் பேசக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை, இந்தக் கலை அதில்தான் நிற்கிறது. அவர் செய்ததை, அவர் சொன்னதை எடுத்து அவர் முகத்துக்கு நேரே வைக்கட்டும், அது வாதம். அங்கே இல்லாத ஒரு பெண்ணை இழிவு செய்து கூட்டத்தை 'ஓ' போட வைத்தால் அதில் வாதம் எங்கே இருக்கிறது? அந்தச் சத்தத்துக்கு நீ மதிப்பெண் போடக் கூடாது. நீ என் மகள் என்பதற்காகச் சொல்லவில்லை. அந்த வரியை எழுத மூளையே தேவைப்படவில்லை, அதற்காகச் சொல்கிறேன்.

முடிவு சொல்லும்போது, "இரண்டு பேரும் பிரமாதம், ஆனால் என் ஓட்டு இவருக்கு" என்று ஓடிவிடாதே. முதல் ரவுண்டு யாருக்கு, எந்த வரிக்காக, இரண்டாவது யாருக்கு, ஏன் என்று சொல். தோற்றவர் எழுதிய வரிகளில் ஒன்றையாவது நினைவு வைத்துச் சொல். வாரக்கணக்காக உட்கார்ந்து எழுதி மனப்பாடம் செய்து வந்தவருக்கு, கவனமாகக் கேட்டார்கள் என்றாவது தெரிய வேண்டும். மற்ற இரண்டு நடுவர்கள் எப்படிச் சொல்லப் போகிறார்கள் என்று முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளாதே.

மேடையில் மோதப் போகிற இருவரில் ஒருவர் உன்னோடு படித்தவர் என்று சொன்னாயே, அதைப் போட்டி நடத்துகிறவர்களிடம் இப்போதே சொல்லிவிடு. தெரிந்தும் உட்காரச் சொன்னால் உட்கார். அவர்கள் தயங்கினால் சண்டை போடாமல் விலகிக்கொள், அடுத்த போட்டிக்குக் கூப்பிடுவார்கள்.

போட்டி முடிந்ததும் வீடியோவை அனுப்பு. யாருக்குக் கொடுத்தாய் என்று மட்டும் சொல்லாதே. நான் எழுதிப் பார்த்து என் முடிவைச் சொல்கிறேன், அப்புறம் பேசுவோம்.

அன்புடன்,
அம்மா